சாலை டெண்டர்ல வருசா வருசம் மூணே பேர்: போட்டி எந்த இடத்துல அடைபடுது, எந்தக் காகிதத்தைக் கேக்கணும்?

பதிவு 1
நொய்யல்கரை, திருப்பூர் மாவட்டம்

எல்லோருக்கும் வணக்கமுங்க. பக்கத்து நகராட்சி ஒண்ணுல தார்ச்சாலை வேலைக்கு டெண்டர் விட்டிருக்காங்க. மதிப்பீடு 1 கோடியே 80 லட்சம். தளத்துல ஏத்துன நாள்ல இருந்து கடைசி நாள் வரைக்கும் 9 நாள்தான் இருக்கு. நிபந்தனையில மூணு இடம் உறுத்துது. ஒண்ணு, கடந்த 3 வருசச் சராசரி விற்றுமுதல் 5 கோடி இருக்கணுமாம். ரெண்டாவது, இதே நகராட்சியில ஒரே வேலையா ஒன்றரைக் கோடிக்குக் குறையாம முடிச்ச சான்று வேணுமாம். மூணாவது, 40 கிலோமீட்டருக்குள்ள சொந்தமா ஹாட்மிக்ஸ் பிளாண்ட் (ஜல்லியையும் தாரையும் சூடாக் கலக்குற ஆலை) இருக்கணும், அதை நகராட்சிப் பொறியாளர் நேர்ல பாத்துக் கையெழுத்துப் போட்ட சான்றையும் இணைக்கணும்.

இதுக்கு முந்தின ரெண்டு சாலை டெண்டரையும் தளத்துல எடுத்துப் பாத்தேன். ரெண்டுலயும் மூணே பேர். பேரும் கிட்டத்தட்ட அதேதான். எங்க குடியிருப்போர் சங்கத்துல இதைக் கேக்கணும்னு முடிவு பண்ணியிருக்கோம். யாருக்கு எழுதணும், எந்தத் தேதிக்குள்ள எழுதணும், எந்தக் காகிதம் கையில இருக்கணும்? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பதிவு 2
எம்புக், ஈரோடு

முதலில் நாள் கணக்கு. தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998, அதன் கீழ் வந்த 2000ஆம் ஆண்டு விதிகள் இரண்டும் நகராட்சிக்கும் பொருந்தும். விதி 20ன்படி 2 கோடி வரையிலான டெண்டருக்குக் குறைந்தது 15 நாள் அவகாசம் தர வேண்டும். 2 கோடிக்கு மேல் போனால் 30 நாள். இதைக் குறைக்கலாம், ஆனால் டெண்டர் அழைக்கும் அதிகாரி தானே குறைத்துக்கொள்ள முடியாது. அவருக்கு மேலுள்ள அதிகாரி, காரணத்தை எழுத்தில் பதிந்து அனுமதிக்க வேண்டும். ஆக நீங்கள் கேட்க வேண்டிய முதல் காகிதம் அந்த அனுமதி ஆணை. அது இல்லையென்றால் 9 நாள் டெண்டர் விதிப்படி நிற்காது.

விற்றுமுதல் பற்றி. மத்திய கண்காணிப்பு ஆணையம் 2002 டிசம்பரில் ஒரு சுற்றறிக்கை விட்டது. மத்திய அரசு அமைப்புகளுக்காக எழுதியது என்றாலும் நியாயமான அளவுகோல் எதுவென்று காட்ட நன்றாக உதவும். அதன்படி சராசரி ஆண்டு விற்றுமுதல் மதிப்பீட்டில் 30 சதவீதம் இருந்தால் போதும். அனுபவத்துக்குக் கடந்த 7 ஆண்டுகளில் மதிப்பீட்டின் 40 சதவீத அளவில் மூன்று வேலை, அல்லது 50 சதவீத அளவில் இரண்டு, அல்லது 80 சதவீத அளவில் ஒன்று. உங்கள் 1.80 கோடிக்குப் போட்டுப் பாருங்கள்: விற்றுமுதல் 54 லட்சம். வேலை என்றால் 72 லட்சத்தில் மூன்று, 90 லட்சத்தில் இரண்டு, 1.44 கோடியில் ஒன்று. கேட்டிருப்பது 5 கோடி, அதாவது ஒன்பது மடங்குக்கும் மேல். இந்தக் கணக்கை மனுவில் அப்படியே போடுங்கள்.

அனுபவ நிபந்தனையில் தொகையைவிட மோசம் "இதே நகராட்சியில்" என்ற சொல்தான். தாராபுரத்திலோ கோபியிலோ அதே தரத்தில் சாலை போட்டவர் இங்கே ஏன் போட முடியாது என்பதற்கு எந்தப் பொறியியல் காரணமும் கிடையாது. "அரசுத் துறை, உள்ளாட்சி அல்லது பொதுத்துறை நிறுவனத்தில்" என்று இருப்பதுதான் வழக்கம்.

பிளாண்ட் தூரத்துக்கு மட்டும் உண்மையான காரணம் ஒன்று உண்டு. அதை மறுத்தால் உங்கள் மனுவின் மதிப்புதான் குறையும். விஜி-30 என்ற வகைத் தாரில் கலவை 150 முதல் 165 டிகிரிக்குள் பிளாண்டை விட்டு வர வேண்டும், விரிக்கும்போது 140க்குக் குறையக் கூடாது, 90க்குக் கீழே இறங்கும் முன் ரோலர் வேலை முடிய வேண்டும். லாரி தார்ப்பாய் மூடாமல் வந்தாலோ வழியில் நின்றாலோ சூடு போய்விடும். அதனால் தூரத்துக்கு ஒரு வரம்பு வைப்பது சரிதான். ஆனால் பிளாண்ட் சொந்தமாக இருக்க வேண்டிய அவசியமில்லை. வேலைக்காலம் முழுமைக்கும் குத்தகை ஒப்பந்தம் இருந்தால் கலவை அதே சூட்டில்தான் வரும்.

இருப்பதில் ஆபத்தானது அந்த நேரடிச் சான்றுதான். மின்னணு டெண்டரில் விலைப்புள்ளி பூட்டுப் போட்ட நிலையில் இருக்கிறது, யார் போட்டார்கள் என்பது திறக்கும் நாள் வரை அதிகாரிக்கும் தெரியாது. அந்தப் பாதுகாப்புக்காகத்தான் அந்த முறையே வந்தது. பொறியாளர் கையெழுத்து வாங்கியே ஆக வேண்டும் என்றால் போட வருகிற ஒவ்வொருவரும் தன் பெயரை முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிட வேண்டும். பட்டியல் வெளியே போக ஒரு போன் போதும். வேண்டாதவருக்குச் சான்று கடைசி நாள்வரை கிடைக்காமலும் போகலாம். பிளாண்டைப் பார்க்க வேண்டுமானால் எல்-1, அதாவது குறைந்த விலை போட்டவர், யார் என்று தெரிந்த பிறகு, வேலை உத்தரவுக்கு முன் பார்க்கட்டும்.

பதிவு 3
நொய்யல்கரை

அந்தச் சான்று வெறும் அலைச்சல்னுதான் நினைச்சோமுங்கண்ணா. பேர் வெளிய போற வழின்னு தோணவே இல்லை. இதையே மனுவில முதல் புள்ளியா வெச்சுக்கறோம்.

பதிவு 4
வழக்காடு, கோவை

எம்புக் ஐயா சொன்னதோடு நடைமுறையைச் சேர்க்கிறேன். யார் கேட்கிறார் என்பதைப் பொறுத்து வழி மாறும், இதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள்.

அந்த டெண்டர் சட்டத்தின் பிரிவு 11ல் அரசிடம் மேல்முறையீடு இருக்கிறது. அது டெண்டர் போட்டவருக்கு மட்டும்தான். டெண்டரை ஏற்கும் அதிகாரியின் ஆணை கைக்கு வந்த நாளிலிருந்து 10 நாள். சங்கமோ வார்டு மக்களோ அதில் போக முடியாது. நிபந்தனையால் போடவே முடியாமல் போன ஒப்பந்தக்காரரும் அதில் போக முடியாது. அவருக்கு இருப்பது இரண்டு வழி: கடைசி நாளுக்கு முன் எழுத்தில் ஆட்சேபம், அது பலிக்காவிட்டால் உயர் நீதிமன்றத்தில் ரிட்.

ரிட் என்றதும் நீதிமன்றம் நிபந்தனையைத் திருத்தி எழுதித் தரும் என்று எதிர்பார்க்காதீர்கள். 1994ல் வந்த டாடா செல்லுலார் தீர்ப்பிலிருந்து நிலை ஒன்றுதான்: முடிவு சரியா தவறா என்று பார்க்க மாட்டார்கள், முடிவெடுத்த முறை நியாயமா என்றுதான் பார்ப்பார்கள். அதனால் "5 கோடி அதிகம்" என்ற வாதத்தைவிட "விதி 20 மீறப்பட்டது, குறைத்த ஆணை இல்லை" என்ற வாதத்துக்கு வலு அதிகம். காலதாமதமும் ஆளைக் கொல்லும். 1979ல் வந்த ரமணா தயாராம் ஷெட்டி வழக்கைப் பாருங்கள். பம்பாய் விமான நிலைய உணவக டெண்டர் அது. தான் அறிவித்த தகுதியை அரசு அமைப்பே மீறக் கூடாது என்ற பெரிய விதி அங்கேதான் நிலைபெற்றது. அப்படியிருந்தும் வழக்குப் போட்டவருக்கு நிவாரணம் கிடைக்கவில்லை. மாதக்கணக்கில் தாமதித்து வந்தது அதற்கு ஒரு காரணம்.

மனுவை டெண்டர் அழைத்த ஆணையருக்கு எழுதுங்கள். நகராட்சி நிர்வாக மண்டல இயக்குநருக்கும் சென்னையில் உள்ள நகராட்சி நிர்வாக இயக்குநருக்கும் நகல் போகட்டும். மின்னஞ்சல், பதிவுத் தபால் இரண்டிலும் அனுப்புங்கள். நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் வராதீர்கள். "சிண்டிகேட்", "ஊழல்" போன்ற சொற்கள் முதல் மனுவில் வேண்டாம். நிபந்தனை எண், அது எவரை வெளியே தள்ளுகிறது, அதற்குப் பதிலாக என்ன வாசகம் வர வேண்டும், இவ்வளவுதான். உதாரணமாக:

"நிபந்தனை எண் இன்னதில் 'இதே நகராட்சியில்' என்பதற்குப் பதிலாக 'ஏதேனும் அரசுத் துறை, உள்ளாட்சி அமைப்பு அல்லது பொதுத்துறை நிறுவனத்தில்' என மாற்றவும். 'சொந்தமாக' என்பதற்குப் பதிலாக 'சொந்தமாக அல்லது பணிக்காலம் முழுமைக்குமான பதிவு செய்த குத்தகையில்' என மாற்றவும். நேரடிச் சான்று நிபந்தனையை நீக்கி, குறைந்த விலைப்புள்ளியாளரிடம் மட்டும் ஆய்வு செய்யவும்."

மாற்று வாசகம் கையில் கொடுத்த மனுவைத் தள்ளுபடி செய்ய அவர்கள் காரணம் எழுத வேண்டியிருக்கும். அந்தக் காரணம்தான் பின்னால் உங்களுக்குப் பயன்படும்.

பதிவு 5
பீளமேடு மோட்டார், கோவை

சாலையை விடுங்க, சாமான் வாங்குற டெண்டர்ல பூட்டு வேற எடத்துல இருக்குமுங்க. ஊராட்சி, பேரூராட்சி ஆழ்துளைக் கிணத்துக்கு சப்மெர்சிபிள் மோட்டார் வாங்குறதை எடுத்துக்குங்க. ஐஎஸ் 8034 முத்திரை, இத்தனை மீட்டர் ஹெட்ல குறைஞ்சது இத்தனை லிட்டர், இத்தனை எச்பி, கிணத்துக் குழாய் விட்டம், இவ்வளவு எழுதினா கோயம்புத்தூர்ல மட்டுமே நூத்துக்கணக்கான பட்டறை போட்டிக்கு வரலாம். அதையே வெளிவட்டம் இத்தனை மில்லிமீட்டர், எடை 31.5 கிலோ, ஸ்டேஜ் எண்ணிக்கை இத்தனைன்னு ஒரே ஒரு கம்பெனி கேட்லாக்கைப் பாத்து எழுதிட்டா அந்த ஒரு மாடல் மட்டும்தான் உள்ள வரும். பிராண்டு பேரே போட வேண்டியதில்லை.

கண்டுபிடிக்க எளிய வழி இருக்குங்க. விவரக்குறிப்புல "குறைஞ்சது", "மிகாமல்"ங்கிற சொல் எத்தனை இருக்கு, தனி எண் எத்தனை இருக்குன்னு எண்ணுங்க. வேலை செய்யறதுக்குத் தேவையில்லாத அளவு, அதாவது எடை, வண்ணம், உடல் நீளம் எல்லாம் தசமப் புள்ளியோட இருந்தா எங்கிருந்தோ எடுத்து ஒட்டினதுன்னு அர்த்தம்.

அடுத்தது உற்பத்தியாளர் அங்கீகாரக் கடிதம். தெருவிளக்கு டெண்டர்ல இது நிறைய வரும். எல்இடி விளக்கு விக்கிற டீலர், கம்பெனிகிட்ட இருந்து இந்த டெண்டர் எண்ணைக் குறிப்பிட்டே கடிதம் வாங்கிட்டு வரணும்பாங்க. கம்பெனி ஒரே டீலருக்குக் கொடுத்துட்டு மத்தவங்களுக்கு மறுத்தாப் போதும், போட்டி அங்கயே முடிஞ்சுது. உத்தரவாதம் வேணும்னா "உற்பத்தியாளரின் 5 ஆண்டு வாரண்டியைச் சப்ளை செய்யும்போது ஒப்படைக்க வேண்டும்"னு வெக்கலாம். தரத்துக்கு ஐஎஸ் 10322, தூசி தண்ணி புகாத ஐபி66, திடீர் மின்னழுத்தத்தைத் தாங்க 10 கேவி சர்ஜ் பாதுகாப்பு, வாட்டுக்கு இத்தனை லூமன்னு சோதனை அறிக்கையோட கேட்டாப் போதும். இறங்கின சாமான்ல ஒண்ணை எடுத்துச் சோதிக்கணும், அதுதான் முக்கியம். பம்புக்கு எங்க ஊர்லயே சிட்டார்க் சோதனைக்கூடம் இருக்கு. டெண்டர் பத்திரத்துல சோதனைச் செலவு யாருதுன்னு எழுதாம விட்டா யாருமே சோதிக்க மாட்டாங்க.

பதிவு 6
கரூர் தணிக்கை

விலை திறந்த பிறகு என்ன பார்ப்பது என்று யாரும் சொல்லவில்லை. சொல்கிறேன்.

தமிழ்நாடு டெண்டர்ஸ் தளத்தில் "டெண்டர் ஸ்டேட்டஸ்" பகுதிக்குப் போய் டெண்டர் எண்ணைப் போட்டால் தொழில்நுட்பத் திறப்பு, தகுதி மதிப்பீடு, விலை ஒப்பீட்டுப் பட்டியல், இறுதி ஆணை ஆகியவை நிலைநிலையாகக் கிடைக்கும். கணக்குத் தொடங்க வேண்டாம், மின்னணுக் கையொப்பச் சாவி வேண்டாம். எவரும் இறக்கிக்கொள்ளலாம். நொய்யல்கரை, அந்தப் பழைய இரண்டு டெண்டரின் ஒப்பீட்டுப் பட்டியலையும் எடுத்து எக்செல்லில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

போட்டி இருப்பதாகக் காட்ட மட்டும் போடும் டம்மி விலை எப்படி இருக்கும்? பிட்டுமினஸ் காங்கிரீட் (மேல்தளத் தார்க்கலவை) ஒரு கனமீட்டர் ஒருவர் 9,400, அடுத்தவர் 9,776, மூன்றாமவர் 10,152 என்று வைத்துக்கொள்ளுங்கள். டேக் கோட் (அடியில் தெளிக்கும் தார்) சதுர மீட்டருக்கு 14.00, 14.56, 15.12. முதல் விலையால் வகுத்துப் பார்த்தால் எல்லா வரியிலும் 1.04, 1.08 என்றே வரும். உண்மையில் தனித்தனியாகக் கணக்குப் போட்டவர்களுக்கு இப்படி அமையாது. ஒருவருக்கு ஜல்லி பக்கத்துக் குவாரியில் கிடைக்கும், இன்னொருவருக்குத் தார் பிளாண்ட் கிட்டே இருக்கும். ஒரு வரியில் இவர் குறைவார், அடுத்த வரியில் அவர் குறைவார். எல்லா வரியிலும் ஒரே விகிதம் என்றால் ஒரே ஆள் ஒரே கோப்பைப் பெருக்கிப் போட்டிருக்கிறார் என்று சந்தேகிக்க முழு நியாயம் உண்டு.

பிறகு ஆட்களைப் பாருங்கள். ஜி.எஸ்.டி. எண் 15 எழுத்து. முதல் இரண்டு மாநிலக் குறியீடு, தமிழ்நாட்டுக்கு 33. மூன்றிலிருந்து பன்னிரண்டு வரை உள்ள பத்து எழுத்தும் பான் எண். இரண்டு நிறுவனப் பெயர், ஆனால் நடுவில் அதே பத்து எழுத்து என்றால் இரண்டும் ஒரே ஆள்தான். ஜி.எஸ்.டி. தளத்தில் எண்ணைப் போட்டால் பதிவான தேதி, முகவரி, ரத்தாகியிருந்தால் அந்த விவரம் எல்லாம் தெரியும். டெண்டர் வருவதற்கு இரண்டு மாதம் முன் பதிவான நிறுவனம் மூன்றாண்டு விற்றுமுதல் காட்டியிருந்தால் அங்கேயே நில்லுங்கள்.

விற்றுமுதல் சான்றில் பட்டயக் கணக்காளர் போடும் யுடிஐஎன், அதாவது அந்தச் சான்றுக்கான தனி அடையாள எண், 18 இலக்கம். 2019 பிப்ரவரி முதல் சான்றிதழ்களுக்குக் கட்டாயம். கணக்காளர் கழகத் தளத்தில் சரிபார்க்கலாம். சான்றில் உள்ள தொகையும் தளத்தில் பதிந்த தொகையும் வேறாக இருந்தால் சான்று திருத்தப்பட்டிருக்கிறது. இதை மதிப்பீட்டுக் குழுவே செய்ய வேண்டும், ஐந்து நிமிட வேலை. பல கோப்புகளில் செய்ததற்கான குறிப்பே இருக்காது. அதனால் தகவல் கேட்கும்போது "யுடிஐஎன் சரிபார்த்த பதிவின் நகல்" என்று தனியாகக் கேளுங்கள்.

டெண்டரோடு கட்டும் முன்வைப்புத் தொகை வங்கி வரைவோலையாக வந்திருந்தால் எண்களையும் வங்கிக் கிளையையும் பாருங்கள். போட்டியாளர்கள் என்று சொல்லப்படும் மூவரின் ஓலையும் ஒரே கிளையில் ஒரே நாளில் அடுத்தடுத்த எண்ணில் எடுக்கப்பட்டிருந்தால் பணம் கட்டியது ஒரே கைதான்.

பதிவு 7
பவானிக்கூடல்

ஒரு மாற்றுக் கருத்துங்க. எல்லாத்தையும் கூட்டுச்சதின்னு பாக்குறது நியாயமில்லை. விலைப்பட்டியல் பொதுப்பணித் துறையுடையது, எல்லாருக்கும் தெரிஞ்சது. தார் விலை எண்ணெய் கம்பெனி அறிவிக்கிறது. அப்ப மூணு பேரோட விலை கிட்டக் கிட்டத்தான வரும்? சின்ன ஒப்பந்தக்காரங்க வராததுக்கு நிபந்தனை மட்டும் காரணமில்லை. பில்லு மாசக்கணக்குல நிக்குது. ஒன்றரைக் கோடியைக் கையில இருந்து போட்டு, வட்டி கட்டி, காத்திருக்க யாரால முடியும்? முடிஞ்சவங்க மூணு பேர்தான்னா மூணு பேர்தான் வருவாங்க.

பதிவு 8
வழக்காடு, கோவை

பவானிக்கூடல் அண்ணன் சொல்வதில் சட்டப்படி உண்மை இருக்கிறது. சமையல் எரிவாயு சிலிண்டர் தயாரிப்பாளர்கள் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018ல் சொன்னது அதுதான்: விலை ஒன்றாக இருப்பது மட்டுமே கூட்டுக்குச் சாட்சி ஆகாது, வாங்குபவர் சிலரே, விற்பவர் சிலரே என்ற சந்தையில் விலை இயல்பாகவே நெருங்கும். வணிகப் போட்டியைக் காக்கும் இந்தியப் போட்டி ஆணையம் போட்ட அபராதம் அங்கே நிற்கவில்லை.

அதற்கு முந்தைய ஆண்டு வந்த தீர்ப்பையும் சேர்த்துப் படிக்க வேண்டும். இந்திய உணவுக் கழகம் தானியக் கிடங்குகளுக்கு வாங்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை டெண்டரில், 2009ல் மூன்று நிறுவனங்கள் ஒரே மாதிரி 388 ரூபாய் போட்டன. அவற்றின் உற்பத்திச் செலவு ஒன்றல்ல. அங்கே கூட்டு என்ற முடிவை உச்ச நீதிமன்றம் 2017ல் உறுதி செய்தது. ஆக, விலை ஒற்றுமையோடு இன்னொரு தடயம் வேண்டும். கரூர் தணிக்கை சொன்ன வரிக்கு வரி ஒரே விகிதம், ஒரே பான், அடுத்தடுத்த வரைவோலை, ஒரே கணினியிலிருந்து ஏற்றியது, இவைதான் அந்தத் தடயங்கள். எந்தக் கணினி என்பது தளத்தை நடத்துவோரின் பதிவேட்டில்தான் இருக்கும். நமக்குக் கிடைக்காது, விசாரணை அமைப்பு கேட்டால் கிடைக்கும்.

போட்டிச் சட்டம் 2002, பிரிவு 3(3)(டி) டெண்டர் கூட்டைப் பற்றியது. போட்டி ஆணையத்துக்குத் தகவல் கொடுக்கப் பாதிக்கப்பட்டவராக இருக்க வேண்டியதில்லை, எவரும் கொடுக்கலாம் என்று 2020ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. 2023 திருத்தத்துக்குப் பின் நிகழ்வு நடந்து மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும், தாமதத்துக்கு ஆணையம் ஏற்கும் காரணம் இருந்தால் மட்டும் விலக்கு. கூட்டில் இருந்த ஒருவரே முதலில் வந்து முழு விவரமும் சொன்னால் பிரிவு 46ன்படி அவருடைய அபராதம் முழுவதுமாகக் கூடக் குறையலாம். புனே மாநகராட்சியின் குப்பை மேலாண்மை டெண்டர்களில் டம்மி போட்டவர்கள் அப்படிச் சொன்னதால்தான் 2018ல் அந்த வழக்கு உறுதியாக நின்றது. டம்மி போடக் கையெழுத்துக் கொடுத்துவிட்டுக் கமிஷன் வாங்குபவர்கள் நம் பக்கத்தில் நிறைய. அவர்கள் இந்தப் பிரிவைப் படிக்க வேண்டும். அபராதம் எல்-1 ஆனவருக்கு மட்டும் இல்லை, டம்மிக்கும் சேர்த்துத்தான்.

அதிகாரியே உடந்தை என்றால் அது போட்டி ஆணையத்தின் வேலை இல்லை. ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்பு இயக்ககத்துக்குப் போக வேண்டும். அலுவல் முடிவு சம்பந்தப்பட்ட விசாரணைக்கு ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018 திருத்தத்தில் வந்த பிரிவு 17ஏ-யின்படி முன் அனுமதி கேட்பார்கள். காகிதம் இல்லாமல் போனால் அங்கேயே நின்றுவிடும்.

பதிவு 9
கோழிப்பண்ணை, நாமக்கல்

நிபந்தனை, விலை ரெண்டையும் பேசிட்டீங்க. டெண்டரை எவ்வளவு பெருசா கட்டுறாங்கங்கிறதுதான் எல்லாத்துக்கும் முன்னால. சத்துணவு முட்டையை வெச்சுச் சொல்றேன். 2010ல இருந்து பள்ளிக் குழந்தைக்கு வாரம் 5 முட்டை. மாநிலம் முழுசுக்கும் ஒரே டெண்டர்னு வெச்சா எத்தனை பேரால எல்லா மாவட்டத்துக்கும் வண்டி ஓட்டி, மையம் மையமா இறக்க முடியும்? நாமக்கல்ல பண்ணை எவ்வளவு இருந்தாலும் நேரா வர முடியாது, இடையில ஒருத்தர் வேணும். அதையே மாவட்டம் மாவட்டமாவோ ரெண்டு மூணு மாவட்டத்தைச் சேர்த்தோ பிரிச்சா நடுத்தரப் பண்ணையும் கூட்டுறவும் உள்ள வரலாம்.

பிரிக்கிறதுக்கும் ஒரு அளவு இருக்குங்க. ரொம்பப் பொடிப்பொடியா பிரிச்சா ஏரியா பிரிச்சுக்கிறது சுலபமாயிரும். நாமக்கல் உனக்கு, சேலம் எனக்குன்னு பேசி முடிச்சுருவாங்க. மாவட்டத்துக்கு ஒருத்தர் ஜெயிச்சு, மத்த மாவட்டத்துல எல்லாம் அவங்களே தோத்தவங்க பட்டியல்ல இருந்தா அதுதான் நடந்திருக்கு.

விலை முறையும் பாக்கணும். முட்டை விலையை என்இசிசி (தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு) நாமக்கல் மண்டலத்துக்குன்னு அறிவிச்சுக்கிட்டே இருக்கு. புரட்டாசியில இறங்கும், குளிர்ல ஏறும். மக்காச்சோளமும் சோயாவும் ஏறினா தீவனச் செலவு ஏறும். வருசம் பூரா ஒரே விலைன்னு கட்டினா அந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்குற பெரிய கை மட்டும்தான் வரும், அதுவும் அபாயத்துக்குச் சேர்த்து விலை போட்டு வரும். "அன்றைய மண்டல விலை, அதன் மேல் போக்குவரத்து, உடைசல், முத்திரைச் செலவுக்கு முட்டைக்கு இத்தனை பைசா"ன்னு அந்தப் பைசாவுக்கு மட்டும் போட்டி வெச்சா விலையும் வெளிச்சத்துல இருக்கும், சின்னவங்களும் வரலாம்.

பதிவு 10
நொய்யல்கரை

சாலைக்கும் இது பொருந்துதுங்க. இந்த 1.80 கோடியில 11 தெரு இருக்கு, நாலு வார்டுல. ஒரே பேக்கேஜா கட்டியிருக்காங்க. பிரிச்சிருந்தா பல பேர் தகுதிக்குள்ள வந்திருப்பாங்க.

தகவல் உரிமை மனுவுல என்னென்ன கேக்கணும்னு யாராவது வரிசையா எழுதித் தர முடியுங்களா?

பதிவு 11
எம்புக், ஈரோடு

பேக்கேஜ் கட்டுவது தன்னளவில் தப்பில்லை. ஒரே மேற்பார்வை, ஒரே பிளாண்ட் ஓட்டம் என்ற வசதி உண்டு. ஆனால் அதற்கான காரணம் கோப்பில் எழுதப்பட்டிருக்க வேண்டும். அந்தக் குறிப்பையும் கேளுங்கள்.

மனுவைத் தகவல் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 6(1)ன் கீழ் எழுதி 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டுங்கள். "ஏன் இப்படிச் செய்தீர்கள்" என்று கேட்டால் "அது தகவல் அல்ல" என்று பதில் வரும். ஆவணத்தின் பெயரைச் சொல்லி நகல் கேளுங்கள். நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி ஆணைகள். விரிவான மதிப்பீடும் அதற்கு எடுத்த விலைப்பட்டியல் ஆண்டும். தெருக்களை ஒன்றாகச் சேர்த்த குறிப்பு. நிபந்தனைகளை முடிவு செய்த அலுவலகக் குறிப்புப் பக்கங்கள். அவகாசம் குறைத்த ஆணை. டெண்டர் அறிவிப்புகள் வரும் மாவட்ட டெண்டர் புல்லட்டினில் வெளியான பக்கம். மதிப்பீட்டுக் குழு அறிக்கை. ஏற்பு ஆணை. முடிந்த பழைய டெண்டர்களுக்கு, ஏற்கப்பட்டவரின் பெயர் முகவரியும் மற்றவர்களை நிராகரித்த காரணமும் புல்லட்டின் அலுவலருக்கு அனுப்பிய கடிதம். இதை அனுப்பச் சொல்வது டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின் பிரிவு 10, அவர்கள் விருப்பம் அல்ல.

நடந்துகொண்டிருக்கும் டெண்டரில் திறப்புக்கும் ஏற்பு ஆணைக்கும் இடையில் மதிப்பீடு ரகசியம், அப்போது கேட்டால் மறுப்பார்கள். 30 நாளில் பதில் என்பதால் இந்த டெண்டரை நிறுத்த தகவல் மனு உதவாது, அதற்கு வழக்காடு சொன்ன ஆட்சேப மனுதான். தகவல் மனுவைப் பழைய இரண்டு டெண்டருக்கு இன்றே போடுங்கள். "வணிக ரகசியம்" என்று 8(1)(டி) காட்டி மறுத்தால், தளத்திலேயே வெளியான ஒப்பீட்டுப் பட்டியலை இணைத்து 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யுங்கள்.

வேலை நடக்கும்போது பார்க்க வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். போட்டியில் குறைத்து எடுத்த விலையைச் சாலையின் கனத்தில் பிடித்துக்கொள்வது உண்டு. கணக்கு எளிது. 3.75 மீட்டர் அகலம், 1 கிலோமீட்டர் நீளம், 30 மில்லிமீட்டர் பிட்டுமினஸ் காங்கிரீட் என்றால் 112.5 கனமீட்டர். இறுகிய நிலையில் கனமீட்டருக்கு சுமார் 2.35 டன் வைத்தால் 264 டன் கலவை. அதில் தார் 5.4 சதவீதம் என்றால் 14.3 டன். கனம் 25 மில்லிமீட்டராக இறங்கினால் கலவை 220 டன்தான் போயிருக்கும், 44 டன் கலவை போடாமலேயே அதற்கான பணம் போய்விடும். 5 மில்லிமீட்டர் கண்ணுக்குத் தெரியாது, கோர், அதாவது சாலையில் துளையிட்டு உருளை மாதிரி, எடுத்தால்தான் தெரியும்.

ஆகவே தார் வாங்கிய எண்ணெய் நிறுவன விலைச்சீட்டுகள், பிளாண்டிலிருந்து வந்த லாரிகளின் எடைச்சீட்டு, முடிந்த வேலையை அளந்து பதியும் அளவுப் புத்தகத்தின் அந்தப் பக்கங்கள், தார் அளவுச் சோதனை அறிக்கை, கோர் அறிக்கை ஆகியவற்றின் நகல் கேளுங்கள். விலைச்சீட்டுத் தேதி சாலை போட்ட தேதிக்குப் பின்னால் இருக்கக் கூடாது. ஒரே விலைச்சீட்டு இரண்டு வேலைக் கோப்பில் இருக்கிறதா என்று பார்க்கத் தவறாதீர்கள், அடிக்கடி நடப்பது அதுதான். தகவல் உரிமைச் சட்டத்தின் பிரிவு 2(ஜே)யில் வேலையைப் பார்வையிடவும், பொருளின் சான்றிட்ட மாதிரியைப் பெறவும் உரிமை உண்டு. மாதிரியைக் கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி போன்ற இடத்தில் சோதிக்கலாம். எந்த இடத்தில் எடுத்தது என்று இரு தரப்பும் கையெழுத்திட்ட குறிப்பு இல்லாத மாதிரிக்கு மதிப்பில்லை.

பதிவு 12
பள்ளிபாளையம் தறி

பவானிக்கூடல் பில்லு பத்திச் சொன்னதுக்கு யாரும் முழுசா பதில் சொல்லலை. சாமான், சேவை சப்ளை பண்ற குறு, சிறு நிறுவனத்துக்கு 2006 குறு, சிறு, நடுத்தர நிறுவன மேம்பாட்டுச் சட்டப்படி 45 நாளைக்குள்ள பணம் வரணும். தாண்டினா ரிசர்வ் வங்கி விகிதத்தைப் போல மூணு மடங்கு கூட்டுவட்டி. உத்யம்ங்கிற குறு, சிறு நிறுவனப் பதிவு சப்ளைக்கு முந்தியே இருக்கணும், அப்புறம் எடுத்தா பிரச்சனை. மத்திய அரசோட இணையதளத்துல புகார் பதிஞ்சா கோயம்புத்தூர்ல இருக்குற, இந்தப் பணத் தகராறைத் தீர்க்குற வசதியாக்க மன்றத்துக்கு வரும். சாலை மாதிரி கட்டுமான ஒப்பந்தத்துக்கு இது பொருந்துமாங்கிறதுல கோர்ட்டுல தகராறு இருக்கு, அதனால அவங்க இதை நம்பிப் போக வேண்டாம்.

பணம் வர்ற வரிசையையும் கேக்கலாமுங்க. எந்த பில்லு எந்தத் தேதி வந்துச்சு, எந்தத் தேதி பாஸ் ஆச்சுங்கிற பதிவேட்டு நகல். மூணு பேருக்கு மட்டும் பதினஞ்சு நாள்ல, மத்தவங்களுக்கு எட்டு மாசத்துலன்னு வந்தா, சின்னவங்க ஏன் டெண்டருக்கு வரலைங்கிறதுக்கு அந்தப் பதிவேடே பதில்.

பதிவு 13
பவானிக்கூடல்

அந்தப் பதிவேடு கேக்குறது நல்ல யோசனைங்க. ஒத்துக்கறேன். வரிசை மாறியிருந்தா அதுவும் போட்டியை அடைக்கிற வழிதான்.

பதிவு 14
நொய்யல்கரை

மனு தயாருங்க. பிரிபிட் கூட்டம் (டெண்டர் போடறதுக்கு முந்தி சந்தேகம் கேக்குற கூட்டம்)னு அறிவிப்புல எதுவும் போடலை. கடைசி நாளுக்கு இன்னும் 5 நாள் இருக்கு. அவங்க நிபந்தனையைத் திருத்திட்டா அதே கடைசி நாள் இருக்குமா, தள்ளுவாங்களா?

பதிவு 15
வழக்காடு, கோவை

கூட்டம் இல்லாவிட்டாலும் எழுத்தில் ஆட்சேபம் கொடுக்கத் தடையில்லை. இன்றே மின்னஞ்சலில் போகட்டும், பதிவுத் தபாலை நாளை காலை போடுங்கள்.

தகுதியை மாற்றினால் புதிதாகத் தகுதி பெறுபவருக்கு மதிப்பீடு படிக்க, குத்தகை ஒப்பந்தம் எடுக்க, முன்வைப்புத் தொகை கட்ட நேரம் வேண்டும். கடைசி நாளுக்கு முந்தின இரவு திருத்தம் ஏற்றிவிட்டுத் தேதியைத் தள்ளாமல் விட்டால் திருத்தாததற்குச் சமம்தான். அதனால் மனுவிலேயே கடைசி வரியாக, "திருத்தம் வெளியிட்ட நாளிலிருந்து விதி 20ன்படியான 15 நாள் அவகாசம் தரவும்" என்று சேருங்கள்.

இன்னொன்று. இப்போது தளத்தில் உள்ள டெண்டர் பத்திரம், அறிவிப்புப் பக்கம், தேதிகள் உள்ள பக்கம் மூன்றையும் இன்றே பிடிஎஃப்பாக இறக்கி, திரையைத் தேதி நேரத்தோடு படமெடுத்து வையுங்கள். டெண்டரை ரத்து செய்துவிட்டு வேறு எண்ணில் அதே நிபந்தனையோடு மறுபடி விடுவது உண்டு. அப்படி வந்தால் பழைய பத்திரத்தையும் புதியதையும் பக்கம் பக்கமாக ஒப்பிட்டு, முதல் மனுவின் நகலோடு இரண்டாவது மனுவை அன்றைக்கே அனுப்புங்கள்.